சிறிய காரும் குடும்பக் கணக்கும்

நம்மவர் குடும்பங்களிலே கார் வாங்குவது ஏறக்குறையக் கலியாணம் பேசுவதைப் போன்ற காரியமாகும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். வீட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கு இரண்டு இருக்கும். தகப்பனார் விலையைப் பார்ப்பார். மகன் வேகத்தைப் பார்ப்பான். தாய்மாமன், "இந்தக் காரிலே போய்ச் சபையில் இறங்கலாமா?" என்று பார்ப்பார். இத்தனை பேரும் பார்க்க மறப்பது ஒன்றுண்டு. அந்தக் கார் நாள்தோறும் ஓடப்போகும் வீதியே அது.

பட்டினத்து வீதிக்கு ஏற்ற சிறிய காரைத் தெரிந்தெடுப்பது எப்படி என்பதை இவ்வாரம் நாம் ஆராய்வோம். கார் என்றதும் இது செல்வர்களின் விஷயம் என்று எண்ணி அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டாம். கொழும்பிலே கணவனும் மனைவியும் உழைக்கும் நடுத்தரக் குடும்பங்கள் பல, பிள்ளைகளின் பாடசாலைக்கும், கந்தோருக்கும், முதிய பெற்றோரின் வைத்தியத்துக்குமாகக் கடன்பட்டாவது ஒரு காரை வாங்கத் துணிகின்றன. வீட்டுக்கு அடுத்தபடியாக அவை வாழ்நாளிற் செய்யும் மிகப் பெரிய செலவு அதுவே. அந்தச் செலவிலே கணக்குத் தவறினால், பல ஆண்டுகளுக்குப் பிள்ளைகளின் படிப்புப் பணத்திலே கை வைக்க நேரிடும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில் நாட்டிலே ஒரு விசித்திரத்தைக் கண்டோம். பழைய கார்கள், அவை வாங்கப்பட்ட விலையிலும் பார்க்கக் கூடிய விலைக்குக் கைமாறின. 'கார் வாங்குவது நட்டமில்லாத முதலீடு' என்ற எண்ணம் பலர் மனத்திலே வேரூன்றியது அப்பொழுதுதான். பஞ்ச காலத்து நெல் விலையைப் பார்த்து வயல் வாங்குகிறவனின் கணக்கு அது. கார் என்பது ஓட ஓடத் தேய்ந்து, ஆண்டுக்கு ஆண்டு விலை குறையும் பொருள். அதனிடம் நாம் எதிர்பார்க்கத் தக்க வருவாய் ஒன்றே: நமது நேரமும் சௌகரியமும். ஆகவே அவற்றை எவ்வளவு விலைக்கு வாங்குகிறோம் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நன்று.

வாங்கத்தான் வேண்டுமா?

கார்க் கடைக்குப் போவதற்கு முன் ஒரு கொப்பியை எடுத்து, இரண்டு வாரங்களுக்கு உங்கள் குடும்பத்தின் பிரயாணங்களை எழுதிப் பாருங்கள். எங்கே போனோம், எவ்வளவு தூரம், எத்தனை பேர், எந்த நேரம், எவ்வளவு செலவு என்ற ஐந்து விபரங்களும் போதும். இந்த வேலையைப் படிக்கிற பிள்ளையிடம் ஒப்படைத்தால், கணக்குப் பாடத்துக்கும் அது பயிற்சியாகும்.

கொப்பி நிறைந்ததும், கார் வந்தால் ஏற்படும் மாதச் செலவை மறுபக்கத்தில் எழுதுங்கள். கடன் தவணை, காப்புறுதி, வருடாந்த அனுமதிப்பத்திரம், அதற்கு முன் செய்யவேண்டிய புகைப் பரிசோதனை, எஞ்சின் எண்ணெய் மாற்றம், ரயர், பற்றரி, நிறுத்துமிடக் கட்டணம், இவற்றுக்கெல்லாம் பிறகுதான் பெற்றோல். தவணையையும் பெற்றோலையும் மட்டும் கூட்டிவிட்டு மற்றவற்றை மறப்பதே பொதுவாக நேரும் பிழை. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதானாம்.

இரு பக்கங்களையும் ஒப்பிட்டபின், ஓட்டோவும் பஸ்ஸும் அவசர வேளையில் வாடகைக் காரும் உங்களுக்குப் போதுமென்று தோன்றினால், கார் வாங்காமல் விடுவதும் புத்திசாலித்தனமான ஒரு தெரிவே. அதிலே கௌரவக் குறைவு யாதுமில்லை. 'வாங்கத்தான் வேண்டும்' என்று கொப்பி சொன்னால், எப்படிப்பட்ட கார் வேண்டும் என்பதையும் அதே கொப்பி சொல்லிவிடும். அநேகமாக அதிற் காணப்படுவது இதுதான்: பெரும்பாலான நாட்களில் காரில் இருப்போர் இரண்டு அல்லது மூன்று பேர், தூரம் ஒரு சில மைல், பாதி நேரம் நெரிசலிலே நிற்பது. ஆண்டுக்கு ஒரு தரம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போவதும் கொப்பியில் எங்கோ ஒரு வரியாக வரலாம். அந்த ஒரு வரிக்காகப் பெரிய காரை வாங்கி, எஞ்சிய நாட்களில் அதைச் சுமப்பது சரியா என்று யோசியுங்கள். திருவிழாவுக்கு றெயிலும் உண்டு; வாடகை வானும் உண்டு.

தட்டுப்பாடு பெற்ற பிள்ளை

சிறிய கார் தோன்றிய வரலாற்றை மாணவர்கள் அறிந்து வைத்திருத்தல் நன்று. 1956ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் நெருக்கடியினால் பிரித்தானியாவிலே பெற்றோல் பங்கீட்டு முறை வந்தது. அப்பொழுது பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம், பெற்றோலைக் குறைவாகக் குடிக்கும் சின்னஞ்சிறு காரொன்றை ஆக்கும் பொறுப்பை அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியியலாளரிடம் ஒப்படைத்தது. நம் நாட்டு வீதிகளில் நீண்ட காலம் ஓடிய மொறிஸ் மைனரை முன்னரே வடிவமைத்தவர் அவர். 1959இல் அவருடைய 'மினி' வெளிவந்தது. அதன் நீளம் வெறும் பத்து அடி. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன் சில்லுகளையே இழுக்கச் செய்ததனால், காரின் தரைப்பரப்பிலே ஐந்தில் நாலு பங்கை மனிதருக்கும் சாமான்களுக்கும் அவர் ஒதுக்க முடிந்தது. இன்று நாம் காணும் சிறிய கார்களிற் பெரும்பாலானவை அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன.

போருக்குப் பிந்திய ஏழ்மையிலே ஜப்பானும் 1949இல் 'கெய்' என்ற சிறு வாகன வகுப்பை ஏற்படுத்தியது. இன்று அந்த வகுப்புக்குரிய எல்லை இது: நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், உயரம் 2 மீற்றர், எஞ்சின் 660 கன சென்ரிமீற்றர். இவற்றுள் எதை மீறினாலும் அது கெய் கார் ஆகாது. நம் வீதிகளிலே நிறைந்து காணப்படும் ஜப்பானிய வாகன் ஆர் இவ்வகுப்பைச் சேர்ந்ததே.

தட்டுப்பாடு என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990களிலே பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காதபோது, குடாநாட்டு வீதிகளில் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. அதனால் அந்தத் தாழ்ந்த எரிபொருளை அவை ஒருவாறு தாங்கிக்கொண்டன. இன்றைய எஞ்சினிடம் அந்தப் பொறுமை இல்லை.

2022இல் அந்தப் பாடம் நாடு முழுவதற்கும் வந்தது. பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான கியூ. ஆர். அட்டை முறையிலே, ஆரம்பத்தில் ஒரு காருக்கு வாரமொன்றுக்கு 20 லீற்றரே கிடைத்தது. லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடும் காருக்கு அது 320 கிலோமீற்றர். 8 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 160. முன்னதை வைத்திருந்தவர் கந்தோருக்கும் போய், பிள்ளையையும் பாடசாலைக்குக் கொண்டுசென்றார். பின்னதை வைத்திருந்தவர் இரண்டில் ஒன்றை விடவேண்டியிருந்தது. 2023 செப்ரெம்பரில் அந்தப் பங்கீடு முடிந்துவிட்டது. அது கற்பித்த கணக்கை மறக்கக் கூடாது.

பங்கீடு இல்லாத காலத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 10,000 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு முதற் காரிலே 625 லீற்றரும், இரண்டாவதிலே 1,250 லீற்றரும் தேவை. லீற்றர் 300 ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், வித்தியாசம் ஆண்டுக்கு 187,500 ரூபா. மாதத்துக்கு 15,000 ரூபாவுக்கு மேல்! ஒரு பிள்ளையின் ரியூஷன் கட்டணத்தை இதிலிருந்தே கட்டிவிடலாம் அல்லவா?

ஒழுங்கையை அளந்து பாருங்கள்

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளை அறியாதார் யார்? ஒரு புறத்திலே கார்கள் நிறுத்தப்பட்டிருக்கும். மறுபுறத்திலே மரக்கறி வண்டி நிற்கும். எதிரே ஓர் ஓட்டோ வரும். கொட்டாஞ்சேனையிலும் நிலைமை இதுவே. இத்தகைய இடத்தில் சாதாரணக் குடும்பக் காருக்கும் கெய் காருக்கும் அகலத்திலுள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சாண்தான். அந்த ஒரு சாண் இருந்தால் போய்விடலாம். இல்லையேல் ஒழுங்கை முழுவதும் பின்னோக்கி வரவேண்டும்.

நீளத்திலோ வித்தியாசம் ஒரு மீற்றர். தொடர்மாடிகளில் வசிப்போர் முதலில் தமக்கு ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடத்தை நாடாவால் அளக்க வேண்டும். நீளம், அகலம் மட்டும் போதாது. தூணுக்கும் கதவுக்கும் இடையே எவ்வளவு இடம் உண்டு, கதவைத் திறந்து முதியவர் இறங்க முடியுமா என்பவற்றையும் பார்க்க வேண்டும். திரும்பும் வட்டத்தையும் விசாரியுங்கள். கெய் கார்கள் பல நாலரை மீற்றர் அளவான ஆரையிலே திரும்பிவிடும்; பெரிய கார்களுக்கு ஐந்து மீற்றருக்கு மேல் வேண்டும். ஒரே வெட்டிலே திரும்புவதற்கும், மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திரும்புவதற்கும் உள்ள வேறுபாடு அது. பின்னால் நிற்கும் பஸ் சாரதியின் ஹோர்ன் சத்தம் அந்த வேறுபாட்டை உங்களுக்கு நன்றாக விளக்கும்.

உயரத்தையும் நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. தாழ்ந்த காரிலே ஏறுவதற்குக் குனிந்து, வளைந்து, முழங்காலில் பாரத்தைப் போட வேண்டும். கூரை உயர்ந்த சிறிய காரிலே கதிரையில் அமர்வது போல அமரலாம். முழங்கால் நோவுள்ள பாட்டியார் ஒருவர் வீட்டில் இருந்தால், விலை பேசுவதற்கு முன் அவரையே அழைத்துச் சென்று ஏறி இறங்கச் செய்யுங்கள். எந்த விளம்பரத்திலும் அவருடைய தீர்ப்பே மேலானது.

மழைக்காலத்தில் கொழும்பு வீதிகளிலே வெள்ளம் நிற்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். சிறிய கார்களின் அடிப்பாகம் தாழ்வானது. வெள்ளத்துக்குள் துணிந்து விட்டால், காற்றை இழுக்கும் வழியாகத் தண்ணீர் எஞ்சினுள் புகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளேயுள்ள உருக்குத் தண்டுகள் வளைந்து, எஞ்சினே பாழாகிவிடும். நீரின் ஆழம் தெரியாத இடத்தில் நின்று காத்திருப்பவரே கெட்டிக்காரச் சாரதி.

கெய் கார் வாங்க எண்ணுவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். அது நாலு பேருக்கென்றே அமைந்தது. ஆசனப் பட்டிகளும் நாலுதான். பெற்றோர், பிள்ளைகள் இருவர், பாட்டி என ஐந்து பேருள்ள குடும்பம் நாள்தோறும் சேர்ந்து போவதானால் அது பொருந்தாது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, குளிரூட்டியையும் போட்டுக்கொண்டு, கடுகண்ணாவை ஏற்றத்தில் அந்தச் சிறு எஞ்சினை வதைப்பதும் நியாயமன்று. அத்தகையோர் 1,000 கன சென்ரிமீற்றர் அளவான டொயோட்டா விற்ஸ், பெரோடுவா அக்ஸியா, சுசுக்கி செலேரியோ போன்ற வகுப்பைப் பார்க்கலாம். நமது நாட்டிலே பெற்றோல் காரின் தீர்வை எஞ்சினின் கன அளவை வைத்துக் கணிக்கப்படுகிறது. ஆகவே தேவைக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு வாங்கும்போதும் கொடுக்கிறோம், ஓட்டும்போதும் கொடுக்கிறோம்.

பெற்றோலா, மின்சாரமா?

கலப்பின வாகனம், அதாவது ஹைபிறிட், என்ற சொல் இன்று எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. அதன் தத்துவம் எளிது. சாதாரணக் கார் பிறேக் பிடிக்கும்போது அதன் வேகமெல்லாம் வெப்பமாகி வீணே போகிறது. கலப்பின வாகனம் அதில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பற்றரியிலே சேமித்து, மறுபடி புறப்படும்போது பயன்படுத்துகிறது. நின்று நின்று போகும் பட்டினத்து வீதியே அதற்கு ஏற்ற களம். நெடுஞ்சாலையிலே பிறேக் பிடிக்காமல் ஓடுபவருக்கு அதனால் வரும் இலாபம் குறைவு.

எனினும் ஹைபிறிட் என்ற பெயர் தாங்கியவை எல்லாம் ஒன்றல்ல. ஜப்பானிய வாகன் ஆரில் இருப்பது எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சிறு மின் மோட்டார். டொயோட்டா அக்குவா போன்றவற்றில் இருப்பது எஞ்சினை நிறுத்திவிட்டுத் தனியே காரை நகர்த்தவல்லது. அதன் பற்றரியும் பெரிது, அதை மாற்றும் செலவும் பெரிது. பழைய ஹைபிறிட்டை வாங்குவோர் பற்றரியின் நிலையைக் கருவி கொண்டு சோதிப்பிக்காமல் முற்பணம் கொடுக்கலாகாது.

முழு மின்சாரக் கார் பட்டின ஓட்டத்துக்கு மிகப் பொருத்தமானதே. புகையில்லை, இரைச்சலில்லை, எண்ணெய் மாற்றமில்லை. ஆனால் இரவிலே அதனை எங்கே மின்னேற்றுவது என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். தனி வீட்டுக்காரருக்கு அது எளிது. ஐந்தாம் மாடியிலே வசிப்பவர், நிறுத்துமிடத்திலே மின் இணைப்புக்குத் தொடர்மாடி நிர்வாகம் இடங்கொடுக்குமா என்பதை எழுத்திலே பெற்றுக்கொள்ள வேண்டும். பற்றரிக்கு வெப்பம் பகை என்பதும் நினைவிருக்கட்டும். 2010இல் வெளிவந்த முதல் நிசான் லீஃப் கார்களின் பற்றரிகளைக் குளிர்விக்கத் திரவ அமைப்பு இல்லாமையால், வெப்ப நாடுகளிலே அவை விரைவிலே வலுவிழந்தன. மிகப் பழைய மின்சாரக் காரை மலிவென்று வாங்குவோர் இதனைச் சிந்திக்கக் கடவர்.

கியர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. நெரிசலிலே மணிக்கணக்காகக் கிளச்சை மிதிப்பது காலுக்கும் களைப்பு, கிளச்சுக்கும் தேய்வு. தானியங்கிக் கியர் அதற்கு நிவாரணம். ஆனால் அதற்குரிய விசேஷ எண்ணெயைத் தவணை தவறாது மாற்ற வேண்டும். 'வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை' என்று விற்பவர் சொன்னால், அது யாருடைய வாழ்நாள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சிக்கனம் செய்யக் கூடாத இடம்

இதுவரை சிக்கனத்தையே வற்புறுத்தினோம். சிக்கனம் நுழையக் கூடாத இடம் ஒன்றுண்டு. அது பாதுகாப்பு.

2014 ஜனவரியிலே குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்பனையாகிய சிறிய கார்கள் ஐந்தை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்திலே மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப் பைகள் இல்லாத, மிக மலிவான வகைகள் அவை. மாருதி சுசுக்கி அல்ரோ 800, டாட்டா நானோ, ஹியூண்டாய் ஐ-10, ஃபோர்ட் ஃபிகோ, வொக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்தும், பெரியவர்களைக் காப்பதிலே ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதே போலோவைக் காற்றுப் பைகளோடு மீண்டும் சோதித்தபோது நாலு நட்சத்திரம் கிடைத்தது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கார்தான். உள்ளே இருப்பவருக்கோ அது உயிர் விஷயம்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறலாம். ஒன்று, சிறிய கார் என்பதனாலேயே ஒரு கார் ஆபத்தானது ஆகிவிடாது. உறுதியான கூடும், காற்றுப் பைகளும், வழுக்காமல் நிறுத்தும் ஏ. பி. எஸ். பிறேக்கும் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது அது. மற்றது, ஒரே பெயரைக் கொண்ட கார் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜப்பானிய அல்ரோவும் இந்திய அல்ரோவும் ஒன்றல்ல. வாகன் ஆரும் அப்படியே. பெயரை மட்டும் கேட்டு மயங்காமல், எந்த நாட்டில், எந்த ஆண்டில், எந்த வகையாக உற்பத்தியானது என்று விசாரித்தல் வேண்டும். பாட்டுப் பெட்டிக்கும் பளபளக்கும் சில்லுக்கும் கொடுக்கும் பணத்தைக் காற்றுப் பைகளுள்ள வகைக்குக் கொடுப்பவரே தம் பிள்ளைகளை நேசிப்பவர்.

எவ்வளவு பணம் கொடுத்தாலும் பாதுகாப்பு நமது பழக்கத்திலேதான் முடிகிறது. மூன்று இடங்களிலே பொருந்தும் ஆசனப் பட்டியை வொல்வோ நிறுவனப் பொறியியலாளரான நில்ஸ் பொலின் 1959இல் ஆக்கியளித்தார். பிற நிறுவனங்களும் தாராளமாகப் பயன்படுத்த வொல்வோ இடங்கொடுத்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்பும், முன் ஆசனத்திலே தாயின் மடியில் கைக்குழந்தை அமர்ந்து செல்லும் காட்சியை நம் வீதிகளிலே காண்கிறோம். 'பக்கத்திலேதானே போகிறோம், மெதுவாகத்தானே போகிறோம்' என்பது பதில். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலே மோதுவது, ஏறக்குறைய மூன்று மாடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். அந்த வேளையிலே எந்தத் தாயின் கைகளுக்கும் குழந்தையைப் பிடித்து நிறுத்தும் வலிமை கிடையாது. அன்பு குறைந்த காரணத்தால் அன்று. பாரத்தின் விதி அப்படி. முன்னால் உள்ள காற்றுப் பை வெடித்து விரியும்போது, மடியிலுள்ள குழந்தைக்கு அதுவே எமனாகும். ஆகவே குழந்தைக்குரிய தனி ஆசனம் ஒன்றையும் காரின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அதனைப் பின்னால் பொருத்துங்கள். ஆசனத்தை உறுதியாகப் பூட்டும் கொளுவிகள் காரில் உண்டா என்று வாங்கும்போதே பாருங்கள்.

பழைய காரைப் பார்க்கும் விதம்

நம்மிற் பலர் வாங்குவது பிறர் ஓட்டிய காரையே. அதனைப் பகலிலே, மழையில்லாத நேரத்திலே பார்க்க வேண்டும். ஈரமும் இரவு வெளிச்சமும் பல குறைகளை மறைக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே உங்கள் முன்னிலையில் உயிர்ப்பிக்கச் சொல்லுங்கள். ஜப்பானிலிருந்து வந்த காராயின் அதன் ஏலப் பத்திரத்தைக் கேளுங்கள். ஓடிய தூரமும் அடிபட்ட இடங்களும் அதிலே குறிக்கப்பட்டிருக்கும். ஏலப் பத்திரத்திலும் போலிகள் உண்டாதலால், விற்பவர் காட்டும் பிரதியோடு திருப்தி அடையாமல், வேறு வழியாகவும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டமானி குறைந்த தூரத்தைக் காட்டும்போது, பிறேக் மிதியின் இறப்பரும் ஸ்ரேறிங் வளையமும் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால், நீங்கள் இறப்பரையே நம்பலாம்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவைப் பக்கத்திலே பல வீடுகளும் வாகனங்களும் நீரில் மூழ்கின. ஒவ்வொரு வெள்ளத்தின் பின்பும் அத்தகைய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. ஆசனப் பட்டியைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றின் கறை அங்கே தங்கியிருக்கும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஆசனத்தைத் தாங்கும் இரும்பிலே துரு உண்டா என்று தடவிப் பாருங்கள். பதிவுப் பத்திரத்திலுள்ள சட்டக இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரிலுள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். அந்தப் பத்திரத்திலே கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் இருந்தால், அக்கடன் தீர்ந்ததற்கான கடிதமின்றிப் பணத்தைக் கையளிக்க வேண்டாம். உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்குச் சில ஆயிரம் ரூபா கொடுத்துப் பரிசோதிப்பிப்பது வீண் செலவன்று.

அபூர்வமான காரை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவதிலும் நிதானம் வேண்டும். பஞ்சிகாவத்தைக் கடைகளிலே உதிரிப்பாகம் தேடும்போதுதான் அந்த மலிவின் உண்மை விலை தெரியவரும். எந்தக் காரை வாங்கினாலும், விலையிலே பத்தில் ஒரு பங்கை முதல் ஆண்டின் திருத்த வேலைகளுக்கென்று வங்கியிலே ஒதுக்கி வையுங்கள். தவணைப் பணம் குடும்பத்தின் மாத வருமானத்திலே ஐந்தில் ஒன்றைத் தாண்டாமல் இருப்பது நல்லதென்பது நமது அபிப்பிராயம்.

யாருடைய கார்?

இறுதியாக, நம் சமூகத்துக்கே உரிய ஒரு விஷயம். சீதனப் பேச்சிலே காரும் ஒரு வரியாக இடம்பெறுவதை நாம் அறிவோம். பெண்ணைப் பெற்றவர் கடன்பட்டுப் பெரிய காரொன்றை வாங்கிக் கொடுப்பார். மாப்பிள்ளையின் தொடர்மாடியிலே அதை நிறுத்த இடமிராது. புதுத் தம்பதியின் சம்பளத்தில் அதற்குப் பெற்றோல் ஊற்றவும் கட்டாது. ஆறு மாதத்திலே அது உறைபோட்டு மூடப்பட்டு நிற்கும். கடனோ ஊரிலே தகப்பனாரின் தலையிலே நிற்கும். இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே நமது கருத்து. மகளுக்குத் தம் மனமுவந்து கார் கொடுக்க விரும்பும் பெற்றோரும் உண்டு. அவர்கள் சபைக்காகப் பெரிய காரைத் தேடாமல், அவள் கந்தோருக்குத் தானே ஓட்டிச்செல்லத் தக்க சிறிய காரைப் பாருங்கள். அவள் பெயரிலேயே பதியுங்கள். அதற்கு முன் அவளுக்கு ஓட்டக் கற்பித்து, சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றுக் கொடுங்கள்.

வீட்டிலே கார் நிற்க, அதனை ஓட்டத் தெரிந்த ஒருவர் மட்டும் வெளியூரில் இருக்க, நள்ளிரவிலே முதியவருக்கு நெஞ்சு நோவு வந்தால், அந்தக் காரால் யாருக்கு என்ன பயன்? குடும்பத்திலே குறைந்தது இருவராவது ஓட்டக் கூடிய கார்தான் குடும்பக் கார். இல்லத்தரசி அச்சமின்றி ஒழுங்கைக்குள் திருப்பி நிறுத்தக் கூடியதா என்று, வாங்குவதற்கு முன் அவரே ஓட்டிப் பார்க்கட்டும். அவர் 'பெரிதாக இருக்கிறது' என்றால் அது பெரிதுதான்.

நாள்தோறும் ஓடும் வீதிக்குப் பொருந்துவதாய், மாதக் கணக்கிலே துண்டு விழாததாய், வீட்டிலுள்ள மிகச் சிறிய பிள்ளையையும் காக்கக் கூடியதாய் ஒரு கார் அமைந்தால், அதன் நீளம் பதினோரு அடியாக இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு அதுவே போதுமான கார். சபையிலே இறங்கும்போது அது சிறிதென்று சொல்வோர் சொல்லட்டும். அவர்கள் நமது தவணையைக் கட்டப் போவதில்லை.